டி.எஸ். காருக்குள் ஒரு பழைய இன்ஜின்

பழைய பிரெஞ்சு கார்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் சிட்ரோயன் டி.எஸ். படத்தைத்தான் காட்டுவாங்க. 1955 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான கார். சுறா மாதிரி மூக்கு, பாதி மூடிய பின்சக்கரங்கள். முதல் நாளிலேயே சுமார் 12,000 பேர் முன்பதிவு செய்தார்கள். ஏதோ எதிர்காலத்திலிருந்து வந்த வண்டி என்றே இன்றும் எழுதுகிறார்கள்.

அதே கம்பெனி 1934-இல் வெளியிட்ட த்ராக்சியோன் அவானைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரிய தாவல் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்க சாதாரணக் கறுப்புக் கார்தான். ஆனால் அந்தக் காலத்தில் பெரும்பாலான கார்களில் தனியாக ஒரு சேஸிஸ், அதன் மேல் பாடி. இன்ஜின் முன்னால் இருக்கும், ஓட்டுவது பின்சக்கரங்களை. த்ராக்சியோனில் தனிச் சேஸிஸே கிடையாது, பாடியே பாரத்தைத் தாங்கும். இழுப்பது முன்சக்கரங்கள். போதாததற்கு ஹைட்ராலிக் பிரேக் வேற. ஒவ்வொன்றும் தனித்தனியாக அதற்கு முன்பே இருந்தவைதான். எல்லாவற்றையும் சேர்த்து, ஆயிரக்கணக்கில் விற்கும் ஒரே காரில் வைத்ததுதான் துணிச்சல்.

இரண்டு காருக்கும் பின்னால் இருந்தவர்களும் ஒரே ஆட்கள்: பொறியாளர் ஆந்த்ரே லெஃபெவ்ர், உருவம் கொடுத்த இத்தாலியர் ஃப்ளமினியோ பெர்தோனி.

வித்தியாசம் எங்கே என்றால், பணத்தில். முதலாளி ஆந்த்ரே சிட்ரோயன் த்ராக்சியோனில் ஆட்டோமேட்டிக் கியர் வேண்டும் என்று நின்றார். சோதனையில் அது தேறவில்லை. கடைசி நேரத்தில் அவசரமாக மூன்று கியர் பெட்டியை மாட்டினார்கள். கார் முழுசாகப் பக்குவப்படும் முன்பே விற்பனைக்கு வந்துவிட்டது. ஜவெல் தொழிற்சாலையை 1933-இல் புதுப்பித்துக் கட்டிய செலவு வேறு. 1934 டிசம்பரில் கம்பெனி திவால். பெரிய கடன்காரரான மிஷலின் டயர் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. 1935 ஜூலையில், 57 வயதில், சிட்ரோயன் இறந்துபோனார். அவர் கார் 1957 வரை ஏழரை லட்சத்துக்கு மேல் விற்றது.

டி.எஸ். காரில் போல் மாஜெஸ் என்பவர் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வாயுவையும் எண்ணெயையும் வைத்தார். எவ்வளவு பாரம் ஏற்றினாலும் கார் அதே உயரத்தில் நிற்கும். அதே எண்ணெய் அழுத்தம்தான் பிரேக்குக்கும் கியருக்கும். கிளட்ச் பெடலே இல்லை. 1934-இல் கைவிட்ட ஆசை, வேறு வடிவத்தில், பாதியாவது நிறைவேறியது.

இதிலும் ஆரம்பத்தில் கசிவு, பழுது என்று தொல்லைகள் உண்டு. உலோகத்தை அரித்த அந்த எண்ணெயை மாற்றவே 1966 ஆகிவிட்டது. ஆனாலும் கம்பெனி மூழ்கவில்லை. இந்த முறை தாங்கிப் பிடிக்க மிஷலின் இருந்தது.

இன்னொன்று: டி.எஸ்.ஸுக்குத் திட்டமிட்ட ஆறு சிலிண்டர் இன்ஜின் கைகூடவில்லை. எனவே த்ராக்சியோனின் 1,911 சிசி இன்ஜினையே மேம்படுத்திப் போட்டார்கள். கண்காட்சியில் கூட்டம் வாய்பிளந்து பார்த்த அந்தக் காரின் பானெட்டுக்குள் இருந்தது, சிட்ரோயன் திவாலான வருடத்து இன்ஜினின் வாரிசு.