மீன்தொட்டித் துப்புரவு உயிர்கள்

வெப்பநீர் மீன்தொட்டிகளில் கண்ணாடி, இலை, கல் ஆகியவற்றின்மேல் படியும் பாசியையும் அடியில் தங்கும் மிச்சத் தீனியையும் தின்பதற்காக, அழகுமீன்களோடு சில மீன், இறால், நத்தை வகைகள் வளர்க்கப்படுகின்றன. இவை துப்புரவு உயிர்கள் எனப்படும். தமிழ்நாட்டு மீன் கடைகளில் இவற்றுள் ஒன்றின் பெயரே 'டேங்க் கிளீனர்'. உயிரைத் தொட்டி கழுவும் கருவியாக நினைக்க வைத்த அந்தப் பெயர் பல தொல்லைகளுக்குக் காரணமாயிற்று.

தொடக்கம்

இவ்வழக்கம் மீன்தொட்டி அளவுக்கே பழையது. 1849-இல் இலண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். செடி வெளியிடும் ஆக்சிசன் மீன்களுக்குப் போதும், நீரை மாற்ற வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. மீன்கள் பிழைத்தன. ஆனால் பழைய இலைகள் அழுகின, கண்ணாடியில் பச்சைப் படலம் படர்ந்தது, நீர் கலங்கியது. பிறகு அவர் சில குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகலையும் படலத்தையும் தின்ன, நீர் தெளிந்தது. நத்தை இட்ட முட்டைகள் மீன்களுக்கு இரையாயின. இம்முடிவுகளை 1850-இல் அவர் வெளியிட்டார். அவருடைய நத்தை ஒரு சுழற்சியின் கண்ணி. பிற்கால வணிகம் கண்ணியை மட்டும் எடுத்துக்கொண்டு சுழற்சியை மறந்தது.

வெப்பமண்டல இனங்கள்

வாரிங்டனின் கலம் சூடேற்றப்படாதது. ஏறத்தாழ 25 பாகை செல்சியசில் வளர்க்கப்படும் வெப்பமண்டல மீன்கள் பரவியபோது, அந்த வெப்பத்தைத் தாங்கும் துணையினங்கள் தேவைப்பட்டன. தென் அமெரிக்காவிலிருந்து வந்த கோரிடோராஸ் என்னும் சிறு கெளுத்தி அடிமணலைக் கிளறி மிச்சத் தீனியைத் தின்னும்; பாசியைத் தொடாது. மீன் கழிவையும் தின்னாது. தனியே தீனி போடாவிட்டால் அது மெலிந்து சாகும்.

பெயர்க் குழப்பமும் உண்டு. 'சீனப் பாசியுண்ணி' என விற்கப்படும் கைரினோகைலஸ் உண்மையில் தென்கிழக்காசிய ஆறுகளைச் சேர்ந்தது. இளமையில் பாசி தின்னும் இம்மீன், வளர்ந்தபின் சண்டைக்கோழியாகி, தட்டை உடல் மீன்களின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு உடல்வழுவழுப்பைச் சுரண்டுகிறது. சாதுவான சயாமியப் பாசியுண்ணியின் கரும்பட்டை வால்துடுப்பின் நுனிவரை ஓடும். வாங்குபவர் பார்க்க வேண்டிய அடையாளம் அதுதான்.

1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் தகாஷி அமானோ, நீர்ச்செடித் தோட்டங்களில் இழைப்பாசியைக் கட்டுப்படுத்த ஓர் ஓடை இறாலைப் பயன்படுத்தினார். இன்று அது அமானோ இறால் என்றே அழைக்கப்படுகிறது. அதன் குஞ்சுகள் வளர உப்புநீர் வேண்டும். எனவே நன்னீர்த் தொட்டியில் அது பெருகுவதில்லை. ஏஞ்சல் போன்ற பெரிய மீன்கள் இருக்கும் தொட்டிக்கு இது ஏற்றதல்ல, விழுங்கப்பட்டுவிடும்.

டேங்க் கிளீனர்

கடைகளில் விரல் நீளத்தில் கிடைக்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது. வீட்டுத் தொட்டியில் இதற்கு இடமில்லை. பாசி தின்பதைவிட அதிகமாகக் கழிவையும் சேர்க்கும். கொல்ல மனமில்லாதவர்கள் அருகிலுள்ள ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடுகின்றனர். அங்கே இதன் எலும்புத்தகடு போர்த்த உடலைத் தின்ன விரும்பும் உயிர்கள் குறைவு. நீரில் ஆக்சிசன் குறைந்தால் காற்றை விழுங்கி வயிற்றின் வழியே மூச்சு விடும். கரையில் வளை தோண்டி முட்டையிடும்.

மெக்சிகோவின் இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கத்தில் 1990-களுக்குப் பிறகு இவை பெருகி, திலாப்பியா பிடித்து வாழ்ந்த மீனவர்களின் தொழிலைக் கெடுத்தன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் குளம், ஏரிகளில் வீசும் வலைகளில் இவை சிக்குகின்றன. துடுப்பு முட்கள் வலையைக் கிழிக்கின்றன. பிடித்த மீனுக்கோ சந்தையில் விலையில்லை. சிறிய தொட்டிக்கு, சுமார் 4 சென்டிமீட்டருக்கு மேல் வளராத ஓட்டோசின்க்ளஸ் கெளுத்தியே அதே வேலையைச் செய்யும்.