கூலிக்கு மாரடித்தவர்கள்

எங்கள் தொண்டர் குழு துக்க வீடுகளுக்குப் போய் சிவபுராணம் பாடி வருவது உங்களுக்குத் தெரியும். வயசான பாட்டி யாராவது ஒப்பாரி எடுத்தா, "போதும் பாட்டி, சும்மா இருங்க"ன்னு உடனே அடக்கிடுறாங்க. அது என்ன பழக்கம்னு இளையவங்க எங்களைக் கேட்கிறாங்க. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிங்க.

வேலை இடத்தில் ஒருத்தன் ஏனோதானோன்னு இருந்தா "கூலிக்கு மாரடிக்கிறான்" என்போம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் உண்மையிலேயே கூலிக்கு மாரடித்த பெண்கள் இருந்தார்கள். சாவு விழுந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். தலையை விரித்துப் போட்டு, வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து மாரில் அடித்துக்கொண்டு பாடுவார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கூலி நெல்லோ, சேலையோ, சில்லறைக் காசோ.

யார் அந்தப் பெண்கள்? அதை மறைத்தால் இது வரலாறு ஆகாது. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஏழைகள். ஆண்கள் பறை அடிக்கணும், பெண்கள் அழணும். பண்ணையார் செத்தால் வரமாட்டேன்னு சொல்ல முடியாது. உயிரோட இருந்தப்போ வாசல்படி ஏற விடாத மனுசனுக்காக மாரில் அடிச்சிக்கணும். ராஜஸ்தானிலும் இதே கதைதான். அங்கே அவர்களுக்கு ருதாலி என்று பேர். 1993-ல் அந்தப் பேரிலேயே இந்திப் படம் வந்தது.

அதுக்காக எல்லாம் பொய் அழுகை என்று நாங்க நினைக்கல. ஒப்புச் சொல்லி அழுவதுதான் ஒப்பாரி. செத்தவரைப் பொன்னுக்கும் தேருக்கும் ஒப்பிட்டுப் பாடுவது. தாய்க்கு ஒரு பாட்டு, புருசனுக்கு ஒரு பாட்டு, பிள்ளைக்கு வேற. பாடப் பாட அவள் தன் சொந்தக் கஷ்டத்தையும் உள்ளே நுழைச்சிடுவாள். தன்னோட செத்துப்போன அம்மா, எட்டிப் பார்க்காத அண்ணன், எல்லாம் அதில் வரும். வேற எங்கே போய் அவள் அதைச் சொல்ல முடியும்? புறநானூற்றில் அப்பா பாரியை இழந்த மகள்கள் பாடியதும் இந்த வழியில் வந்ததுதான். தொல்காப்பியத்தில் அதுக்குக் கையறுநிலை என்று பேர்.

கங்காணிமார் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டி வந்தபோது ஒப்பாரியும் கூடவே கப்பல் ஏறியது. ஆனா இங்கே அழ ஆள் வேணுமே? அம்மா, அக்கா, தங்கச்சி எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். பக்கத்து லயத்துப் பெண்தான் அக்கா இடத்தில் நின்று பாடினாள். காசு வாங்கல. நாளைக்குத் தன் வீட்டில் விழுந்தால் இவங்கதான் வரணும்.

1942-43-ல் ஜப்பான்காரன் 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதை போட்டான். பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் போனவங்க போனவங்கதான். நடு வீட்டில் கிடத்த உடல் இல்லை, எள்ளுத் தண்ணி இறைக்க நாள் தெரியாது. அந்தக் குடும்பங்களில் மிஞ்சியது ஒப்பாரி மட்டும்தான்.

இப்போ லயமும் இல்லை, பாட்டுத் தெரிஞ்சவங்களும் குறைஞ்சிட்டாங்க. துக்க வீட்டில் பாட்டி ஒருத்தர் ஒப்பாரி எடுத்தா, அவர் முடிக்கிற வரைக்கும் நாங்க காத்திருந்து, பிறகுதான் சிவபுராணம் தொடங்குவோம். அரை மணி ஆனாலும் பரவாயில்லை. உங்க வீட்டில் ஒப்பாரி தெரிஞ்ச பெரியவங்க இருந்தா, அவங்க சம்மதத்தோட போனில் பதிவு பண்ணி வைங்க. எந்தத் தோட்டத்தில் கத்துக்கிட்டாங்க என்பதையும் கேட்டுக் கீழே எழுதுங்க.