வாட்டர்லூவின் ஈயப் படையும் அறிவிப்பாளர் வரிசையும்

நீலகிரி மலையில் குன்னூரை அடுத்து அமைந்துள்ள வெலிங்டன் ஒரு படைவீரர் ஊராகும். மதராஸ் ரெஜிமென்டின் தலைமையகம் இங்குள்ளது. 1947இல் நாடு பிரிவினையுற்றபோது குவெட்டாவில் இயங்கிவந்த படை அதிகாரிகள் கல்லூரியின் இந்தியப் பகுதி இங்கு வந்து சேர்ந்தது. முப்படைகளின் அதிகாரிகளும் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் இன்றும் அக்கல்லூரியில் பயில்கின்றனர். ஜெகதளா என்னும் படுகர் ஊரின் பெயரால் வழங்கிவந்த இப்பகுதியில், 1852இல் தொடங்கி ஆங்கிலேயப் படையினருக்கான பாசறைகள் கட்டப்பட்டன. 1860இல் அதற்கு வெலிங்டன் எனப் பெயர் சூட்டப்பட்டது.

அப்பெயருக்கு உரியவர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து ஷஹீத் திப்பு சுல்தான் உயிர்நீத்த போரில் பங்கேற்று, பின்னர் அந்நகரின் பொறுப்பை ஏற்ற அதே கர்னல் வெல்லெஸ்லிதான், 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன். குன்னூருக்கு அருகே, திப்புவின் காவல் அரணாக விளங்கியதாகச் சொல்லப்படும் பக்காசுரன் மலைக்கோட்டை சிதைந்து கிடக்கிறது. அதே மலைத்தொடரில் வென்றவரின் பெயர் ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. வரலாற்றைப் பெரும்பாலும் வென்றவர்களே எழுதுகின்றனர் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை.

ஆயினும் அந்த வெற்றியாளரின் கூற்றையே ஓர் எளிய படை அதிகாரி ஈயப் பொம்மைகளைக் கொண்டு சோதிக்க முற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அறிவிப்புகளைத் தேடுவதிலும் ஒப்பிடுவதிலும் உலகுக்கு வழிகாட்டிய ஒரு சமுதாயத்தினர் என்ற முறையில், அவ்வரலாறு நம் கவனத்துக்கு உரியது.

எட்டு மாதங்களும் எட்டு ஆண்டுகளும்

வில்லியம் சைபோர்ன் 1797இல் பிறந்தவர். வாட்டர்லூப் போர் நடந்தபோது அவர் களத்தில் இருக்கவில்லை. அதன் பின்னரே பிரான்சில் நிலைகொண்டிருந்த ஆங்கிலப் படையில் சேர்ந்தார். நில அளவையிலும் நிலப்பட வரைவிலும் தேர்ந்து, அத்துறையில் நூல்களும் எழுதினார். 1830இல் ஆங்கிலேயத் தலைமைத் தளபதி ஹில் பிரபு, வாட்டர்லூப் போரின் மாதிரி ஒன்றை அமைக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தார்.

சைபோர்ன் பெல்ஜியம் சென்று, போர்க்களத்தின் நடுவே இருந்த லா ஏ சாந்த் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதங்கள் தங்கினார். ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும், வேலியையும் பாதையையும் அளந்தார். ஆனால் நிலமும் பழைய நிலமாக இல்லை. 1820க்கும் 1826க்கும் இடையே அங்கு எழுப்பப்பட்ட சிங்க மேட்டுக்காகப் போர்க்களத்திலிருந்தே மண் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. ஆங்கிலப் படை நின்ற முகட்டின் ஒரு பகுதி அதனால் உருமாறிப் போயிருந்தது. கண்ணால் கண்டதை மட்டும் நம்பியிருந்தால் மாதிரி பிழையாகியிருக்கும். கண்டவர்களின் சாட்சியமும் தேவைப்பட்டது.

எனவே 1834இல், போரில் பங்கேற்று உயிருடனிருந்த அதிகாரிகளுக்குச் சுற்றுமடல் அனுப்பினார். மாலை ஏறத்தாழ ஏழு மணிக்கு, நெப்போலியனின் மெய்க்காவற்படை இறுதித் தாக்குதல் தொடுத்த வேளையில், உங்கள் படைப்பிரிவு எங்கு நின்றது? எவ்வடிவில் அணிவகுத்திருந்தது? எதிரே நின்ற பகைவர் யார்? நீங்கள் நின்ற வயலில் என்ன பயிர் விளைந்திருந்தது? இவையே அம்மடலின் வினாக்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் காலடியில் மிதிபட்ட பயிரைப் பற்றிய வினா நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். மாதிரியின் வயலுக்கு எந்நிறம் பூசுவது என்பது வரை உறுதிப்படுத்திக்கொள்ளாமல் அவர் கை வைக்க விரும்பவில்லை. நூற்றுக்கணக்கான மறுமொழிகள் வந்து குவிந்தன. அவற்றில் தேர்ந்தெடுத்தவற்றை அவர் மகன் 1891இல் நூலாக வெளியிட்டார்.

1833இல் அரசு பொருளுதவியை நிறுத்திவிட்டது. சைபோர்ன் பணியை நிறுத்தவில்லை. அயர்லாந்தின் டப்ளினில் அலுவலகப் பணியாற்றிக்கொண்டே, சொந்தப் பணத்தையும் கடனாகப் பெற்றதையும் செலவிட்டு வேலையைத் தொடர்ந்தார். செலவு ஏறத்தாழ 3,000 பவுண்டை எட்டியது. அக்காலத்தில் அது பெருந்தொகை. 1838இல் மாதிரி நிறைவுற்றது. ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்பது அதன் அளவு. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 400 சதுர அடி. அதில் 70,000க்கும் மேற்பட்ட ஈய வீரர்கள் நிறுத்தப்பட்டனர். இவ்வளவில் ஆறடி உயர மனிதர் ஒருவர் மூன்று மில்லிமீட்டரே இருப்பார் என்று கணக்கிட்டுப் பார்த்தால், இப்பணி கேட்ட பொறுமையின் அளவு விளங்கும். இலண்டன் எகிப்திய மண்டபத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது, தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் செலுத்தி ஏறத்தாழ ஓரிலட்சம் மக்கள் கண்டு சென்றனர் என்பர். எனினும் சைபோர்னின் கடன் தீரவில்லை.

இடம் கேட்கும் கேள்வி

ஏட்டில் வரலாறு எழுதுபவருக்கு ஒரு சலுகை உண்டு. ‘பெரும்படை ஒன்று வலப்புறமாக வந்தது’ என்று எழுதிவிட்டு அவர் கடந்து சென்றுவிடலாம். மாதிரி செய்பவருக்கு அச்சலுகை இல்லை. அப்படையின் ஒவ்வொரு வீரனையும் ஏதேனும் ஓரிடத்தில் அவர் நிறுத்தியாக வேண்டும். இடம் போதவில்லை என்றால் எண்ணிக்கை பிழை. மேடு மறைக்கிறது என்றால் ‘கண்டேன்’ என்ற சாட்சியம் பிழை.

இவ்வுண்மையை நம் முன்னோர் மாதிரி எதுவும் செய்யாமலேயே உணர்ந்திருந்தனர். இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவின் தொடக்கத்தில், மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்தனர் என்று மஸ்ஊதி முதலியோர் அறிவித்ததை எடுத்துக்கொண்டு ஆராய்கிறார். அத்துணைப் பெரிய படை அணிவகுத்தால் அதன் வரிசை கண்ணுக்கெட்டும் தொலைவைப் பன்மடங்கு கடந்துவிடும். ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியாது. அவ்வாறிருக்க அது எவ்வாறு போரிடும் என்பது அவர் எழுப்பும் வினா. அறிவித்தவர் யார் என்பதோடு, அறிவிக்கப்பட்டது நிகழக்கூடியதா என்பதையும் ஆராய வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. பதினான்காம் நூற்றாண்டில் மனத்தளவில் அவர் செய்த அச்சோதனையையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் சைபோர்ன் மேசையின்மீது செய்தார் எனலாம்.

இடத்தை நேரில் காணும் வேட்கையும் நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 207இல் மறைந்த வாகிதீ, ஒரு போர் நடந்த இடத்தைப் பற்றிக் கேள்வியுற்றால் அங்கேயே சென்று கண்டு வருவார் என்றும், ஹுனைன் களத்தைக் காணத் தோல் நீர்ப்பையுடன் புறப்பட்ட அவரை மக்காவில் ஒருவர் கண்டார் என்றும் பதிவாகியுள்ளது. ஹதீஸ் அறிவிப்பாளர் என்ற முறையில் இமாம்கள் அவரைப் பலவீனமானவராகக் கணித்தனர். அது வேறு செய்தி. களத்தை அளந்தறியும் அவருடைய உழைப்பை அது மறைத்துவிடாது. நம் காலத்தில் ஹைதராபாத் தந்த பேரறிஞர் முஹம்மது ஹமீதுல்லாஹ் (1908–2002) பத்ரு, உஹது முதலிய களங்களுக்கு நேரில் சென்று ஆராய்ந்து, வரைபடங்களுடன் 1939இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்.

கோமகனும் பிரஷ்யரும்

சைபோர்ன் சந்தித்த பெருஞ்சோதனை பணத்தால் வந்ததன்று. வாட்டர்லூவில் ஆங்கிலேயருக்குத் துணையாக புளூஹர் தலைமையிலான பிரஷ்யப் படை வந்து சேர்ந்தது. அவ்வுதவி உரிய நேரத்தில் கிட்டியது என வெலிங்டனே போர் முடிந்த மறுநாள் எழுதிய அறிக்கையில் நன்றியுடன் குறிப்பிட்டிருந்தார். ஆனால், வெற்றி உறுதியான அந்த ஏழு மணி வேளையில் பிரஷ்யர் எத்தனை பேர், எவ்வளவு தூரம் முன்னேறியிருந்தனர் என்பதே வினா. சைபோர்ன் தாம் திரட்டிய சான்றுகளுடன் பிரஷ்யத் தலைமையகத்தின் விளக்கத்தையும் பெற்று, பெருந்தொகையான பிரஷ்ய வீரர்களைக் களத்தில் நிறுத்தினார். மாதிரியைக் காண்போர் எவருக்கும், இவ்வெற்றி ஒருவருடையதன்று, இருவருடையது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

கோமகனின் வட்டத்தைச் சேர்ந்த உயர் அதிகாரிகள் இதனை விரும்பவில்லை. பிரஷ்யரின் நிலை தவறாகக் காட்டப்பட்டுள்ளது என்று வற்புறுத்தினர். கோமகனோ, இத்தகைய முயற்சிகளிலேயே நம்பிக்கையற்றவர். ஒரு போரின் வரலாற்றை எழுதுவது ஒரு நடன விருந்தின் வரலாற்றை எழுதுவது போன்றது. அவரவர் சிறு நிகழ்வுகளை நினைவுகூர்வரேயன்றி, எது முன், எது பின் என்று எவராலும் சொல்ல இயலாது என்பது 1815லேயே அவர் எழுதிய கருத்தாகும். இறுதியில் சைபோர்ன் இசைந்தார். பிரஷ்யர்களில் பெரும்பகுதியினர் மாதிரியிலிருந்து அகற்றப்பட்டனர்.

இதனை அதிகாரத்தின் அழுத்தத்தால் நேர்ந்த வரலாற்றுத் திரிபு என்பர் ஆய்வாளர் சிலர். புதிய சான்றுகளை ஆராய்ந்து அவரே செய்துகொண்ட திருத்தம் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், இன்று இலண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்திலுள்ள அம்மாதிரியைக் காண்பவர், வந்து நின்றவர்களுள் பலர் அதில் இல்லை என்பதை அறிந்தே காண வேண்டியுள்ளது. 1844இல் தம் போர் வரலாற்று நூலை வெளியிட்ட சைபோர்ன், 1849இல் மறைந்தார். கோமகன் அவருக்குப் பின்னும் மூன்றாண்டுகள் வாழ்ந்தார்.

எங்கே தவறியது?

ஒரு செய்தியின் எல்லா வழிகளையும் திரட்டி ஒப்புநோக்கினாலன்றி அதிலுள்ள பிழை வெளிப்படாது என்பது இமாம் அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) போன்ற ஹதீஸ் திறனாய்வாளர்களின் கொள்கை. சைபோர்ன் அறியாமலேயே இந்நெறியைத் தழுவினார். நடன விருந்து உவமையால் வெலிங்டன் கைவிட்டதை, ஒப்பீட்டால் மீட்டெடுக்கலாம் என்று அவர் நம்பினார். இதில் உண்மை அவர் பக்கமே இருந்தது.

ஆனால் ஹதீஸ் கலை அத்துடன் நின்றுவிடவில்லை. அறிவிப்பவர் எத்தகையவர், அவர் நினைவாற்றல் எத்தகையது, தாம் கண்டதைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா என்று ஒவ்வொருவரையும் எடைபோடுவதற்கென்றே ஜர்ஹு வ தஃதீல் என்னும் தனிக்கலை எழுந்தது. சைபோர்னிடம் வந்த மடல்களோ பெரும்பாலும் அதிகாரிகளுடையவை. புகைமூட்டத்தில் தம் படைப்பிரிவுக்கு அப்பால் எதையும் காணாதவர்கள் பலர். அவரவருக்கு அவரவர் படையின் பெருமை உண்டு. இவற்றை எடைபோடும் துலாக்கோல் அவர் கையில் இல்லை. அதனினும் முதன்மையானது, அவருடைய பணி அரச ஆணையால் தொடங்கி அரசின் தயவை எதிர்நோக்கி நின்றது. ஒரே ஒரு ஹதீஸைச் செவியுற ஒட்டகம் வாங்கி ஒரு மாதத் தொலைவு பயணம் செய்த ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களை அழைத்தவரும் இல்லை. அவர்கள் எவருடைய மனத்தையும் குளிர்விக்க வேண்டியிருந்ததும் இல்லை. பொறுமை இருவரிடமும் இருந்தது. சார்பின்மையைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பு ஒருவருக்கே இருந்தது.

நமக்குள்ள பாடம்

பல ஆண்டுகள் உஹதுப் போரை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஐம்பது வில்லாளிகள், அவர்களின் தலைவர் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி), அவர்களுள் பலர் இடம்பெயர்ந்ததும் காலித் இப்னுல் வலீத் குதிரைப்படையுடன் பின்புறமாக வந்தது என அனைத்தையும் தங்குதடையின்றிச் சொல்வேன். ஒருநாள் மாணவர் ஒருவர் எழுந்து, ‘ஹஜ்ரத், அந்தக் குன்று முஸ்லிம்களுக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா?’ என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. மறுவாரம் ஹமீதுல்லாஹ் அவர்களின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, முற்றத்து மண்ணில் மலையையும் குன்றையும் குவித்து, கூழாங்கற்களைப் படைகளாக நிறுத்தினோம். மலைக்கு முதுகு காட்டி மதீனாவை நோக்கி நின்ற படைக்கு, இடப்பக்கமாக அமைந்த அச்சிறு குன்று ஒன்றே பகைவர் பின்னால் வரும் வழியை அடைத்து நின்றது என்பதைக் கண்ணால் கண்டோம். எந்நிலையிலும் அவ்விடத்தை விட்டு அகலாதீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இட்ட கட்டளையின் ஆழம் அன்றுதான் எனக்கு விளங்கியது. இருபதாண்டுகள் நான் சொல்லிவந்த சொற்களுக்கு அன்றுதான் இடம் கிடைத்தது.

தமிழ் முஸ்லிம்களின் ஊர் வரலாறுகள் இன்று நிறைய வெளிவருகின்றன. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவற்றுள் பலவற்றில் ஆயிரக்கணக்கான வீரர்கள் நிற்க இடமில்லாத சிற்றூர்களில் போரிடுகின்றனர். கல்வெட்டைப் படிக்காமலேயே பள்ளிவாசலுக்கு வயது குறிக்கப்படுகிறது. நம்முடன் நின்ற அயலாரின் பங்கு, நம் பெருமைக்கு இடையூறு எனக் கருதி விடப்படுகிறது. பிரஷ்யரை அகற்றிய கைகளைக் குறைகூறும் நாம், நம் கைகள் அகற்றியவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெலிங்டனில் பயிலும் அதிகாரிகள் தம் படைப்பயிற்சியில் மணலால் நிலப்பரப்பை அமைத்துப் பாடம் கற்பவர்கள். வரலாறு எழுத அமரும் நம் இளைஞர்களும், தாம் எழுதப்போகும் நிகழ்வை முதலில் ஒரு பிடி மண்ணில் அமைத்துப் பார்ப்பது நலம். அங்கு இடம் பெறாத எதுவும் ஏட்டிலும் இடம்பெறத் தகாது. அங்கு நின்றவர் எவரும் ஏட்டிலிருந்து அகற்றப்படவும் தகாது. சாட்சியத்தை மறைக்காதீர் என்று பணிக்கப்பட்ட சமுதாயம் நாம்.