விளக்கெண்ணெயும் முருங்கைக்கீரையும்

1901-இல் திறக்கப்பெற்று இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கிக் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களுக்கும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளுக்கும் சென்ற தமிழர், கைவைத்தியத்தையும் ஊரிலிருந்தே கொண்டுவந்தனர். மலச்சிக்கலுக்கு அவர்கள் அறிந்தவை விளக்கெண்ணெய், கடுக்காய், நிலாவாரை. நிலாவாரை அரபு நாட்டுச் செடி. ஆயினும் திருநெல்வேலிச் சீமையில் பயிராகித் தூத்துக்குடியில் கப்பலேறியமையால் உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயராலேயே விலை போயிற்று.

தோட்டத்து லயங்களில் வளர்ந்தோர் மறவாதது விளக்கெண்ணெயையே. நோயில்லாப் பிள்ளைக்கும் 'வயிற்றைக் கழுவ' அதனைப் புகட்டுவர். அவ்வெண்ணெயிலிருந்து குடலில் பிரியும் ரிசினோலெயிக் அமிலம் குடல் தசையைச் சுருங்கச் செய்கிறது. எந்தப் புரதத்தைப் பற்றி அது செயற்படுகிறது என்பது 2012-இல்தான் ஆய்வில் தெளிவாயிற்று. கருப்பையையும் அது சுருக்கும். ஆதலின் கருவுற்றோர்க்கு ஆகாது. நலமான குடலுக்கோ கழுவுதல் வேண்டுவதே இல்லை. மூக்கைப் பிடித்து விழுங்கிய பிள்ளைகள் பட்டது வீண்பாடே.

வீட்டுப்புறத்து முருங்கையையும் பப்பாளியையும் எவரும் பேதி மருந்தோடு சேர்த்து எண்ணவில்லை. நார்மிகு உணவுண்ட ஆப்பிரிக்கச் சிற்றூரார்க்குக் கழிவு விரைந்து வெளியேறுவதை பர்க்கிட்டும் உடனாய்வாளரும் 1972-இல் எழுதிய பின்னரே நார்ச்சத்து மருத்துவ உலகில் பெருமதிப்புப் பெற்றது. கீரை, பழம், போதிய நீர் ஆகியவற்றை முதலில் கொள்க, அவை போதாதபோதே மருந்தை நாடுக என்பது இன்றைய மருத்துவர் கூற்று. லயத்துத் தாய்மார் முருங்கைக்கீரையை நாள்தோறும் இலையிலிட்டுச் செய்ததும் அதுவே. பெயர் மட்டும் விளக்கெண்ணெய்க்குப் போயிற்று.