முதல் 512 பைட்டு

ஒரே கணிப்பொறியில் இரண்டு இயங்குதளங்களைக் குடியமர்த்துவதை நாம் ஒரு தொழில்நுட்ப வித்தையாகவே பேசி வந்திருக்கிறோம். அதனுள்ளே ஓர் உரிமைப் பூசலும் கிடக்கிறது.

மின்சாரம் பாய்ந்ததும் பழைய ஐபிஎம் வகைக் கணிப்பொறி வன்தட்டில் முதலில் படிப்பது 512 பைட்டுதான். 1983இல் பிசி டாஸ் 2.0 கொண்டுவந்த ஏற்பாடு இது. 446 பைட்டு துவக்க நிரலுக்கு, 64 நிலப்பட்டா போன்றதொரு பகிர்வு அட்டவணைக்கு, எஞ்சிய 2 முத்திரைக்கு. வீடு எத்தனை பெரிதாயினும் வாசல் இவ்வளவே. லிலோ, கிரப் போன்ற துவக்கிகள் அங்கே அமர்ந்து எதை எழுப்புவது என்று நம்மைக் கேட்டன. விண்டோஸோ, மறுபடி நிறுவப்பட்டால், கேளாமலே அவற்றை அழித்துத் தன் நிரலை எழுதிக்கொண்டது.

கடைக்கு வருமுன்பே வாசல் அடைபட்ட கதையும் உண்டு. ழான்-லூயி காசேயின் பி நிறுவனம் உருவாக்கிய பிஓஎஸ்ஸை, 1990களின் இறுதியில் ஹிட்டாச்சி விண்டோஸுடன் சேர்த்தே நிறுவி விற்றது. ஆனால் தேர்வுப் பட்டியல் திரையில் தோன்றவில்லை. வாங்கியவருக்குத் தம் வீட்டில் இன்னோர் அறை இருப்பதே தெரிய வழியில்லை! மைக்ரோசாஃப்டின் உரிம ஒப்பந்தமே காரணம் என்று பி நிறுவனம் 2002இல் வழக்குத் தொடுத்தது. குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளாமல் 2003இல் மைக்ரோசாஃப்ட் 2.325 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பி நிறுவனமோ தன் உடைமைகளை 2001லேயே பாம் நிறுவனத்துக்கு விற்றுவிட்டிருந்தது.