மேக் புரோ பணிநிலையத்தில் செயலி மாற்றம்

ஆப்பிள் நிறுவனம் 2009 முதல் 2012 வரை வெளியிட்ட கோபுர வடிவ மேக் புரோ கணினிகளில், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்த இன்டெல் ஜியான் செயலியைக் கழற்றிவிட்டு, அதே சாக்கெட்டில் அமரக்கூடிய, வேகம் கூடிய வேறொரு செயலியை உரிமையாளரே பொருத்திக்கொள்வது இங்கு செயலி மாற்றம் எனப்படுகிறது. பணிநிலையம் என்பது ஒளிப்படத் தொகுப்பு, திரைப்படத் தொகுப்பு, பொறியியல் வரைவு, அறிவியல் கணக்கீடு போன்ற நீண்டநேரக் கடும் வேலைகளுக்கென, பிழை திருத்தும் நினைவகமும் பெரிய மின்வழங்கியும் பல வேளைகளில் இரண்டு செயலிகளுக்கான இடமும் கொண்டு கட்டப்படும் மேசைக் கணினி வகையாகும். இவை விலை மிகுந்தவை என்பதாலும், இவற்றின் பெட்டியும் மின்வழங்கியும் தாய்ப்பலகையும் செயலி பழமைப்பட்ட பின்னரும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியவை என்பதாலும், செயலியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் இவ்வகைக் கணினிகளில் வேரூன்றியது. நினைவகம், வட்டு, விரிவாக்க அட்டை ஆகியவற்றைப் பயனரே மாற்றலாம் என்று வழிகாட்டிய ஆப்பிள், செயலியை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. ஆயினும் அதைப் பலகையோடு பற்றவைக்காமல் சாக்கெட்டில் வைத்திருந்ததால், மாற்றத்துக்கான வழி அடைபடவும் இல்லை.

மாதிரிகளும் செயலிகளும்

2009 மார்ச்சில் வெளிவந்த மாதிரி மேக்புரோ 4,1 என்றும், 2010 ஜூலையில் அறிவிக்கப்பட்டதும் 2012 ஜூனில் சிறு மாற்றங்களோடு வந்ததும் மேக்புரோ 5,1 என்றும் கணினிக்குள்ளேயே பதிவாகியுள்ளன. மூன்றின் புறத்தோற்றமும் ஏறத்தாழ ஒன்றே. செயலியும் நினைவகமும் பெட்டியின் அடிப்பகுதியிலிருந்து இழுத்தெடுக்கக்கூடிய தனித் தட்டில் அமைந்திருப்பதும் மூன்றுக்கும் பொது. ஒரு செயலி கொண்ட தட்டு, இரண்டு செயலி கொண்ட தட்டு என இரு வகைகள் விற்கப்பட்டன. சாக்கெட்டும் எல்லாவற்றிலும் எல்.ஜி.ஏ. 1366 என்பதே. இவ்வகைச் சாக்கெட்டில் ஊசிகள் செயலியில் இல்லாமல் பலகையின் பக்கம் இருக்கும். செயலியின் அடிப்புறத்தில் தங்கமுலாம் பூசிய தட்டையான 1366 தொடுபுள்ளிகள் மட்டுமே இருப்பதால், கைதவறினால் பழுதாவது பெரும்பாலும் செயலியன்று, மாற்றுவதற்கு அரிய சாக்கெட்டுதான்.

2009 மாதிரியில் இருந்தவை 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் அமைந்த நெஹாலம் தலைமுறைச் செயலிகள். அவற்றில் நான்கு கோர்களும், ஏறத்தாழ 73 கோடி டிரான்சிஸ்டர்களும் உண்டு. கோர் என்பது ஒரு செயலிச் சில்லினுள் தனித்து ஆணைகளை நிறைவேற்றும் கணிப்புப் பகுதியாகும். 2010 மாதிரியின் உயர்நிலை வடிவங்களோடு வந்த வெஸ்ட்மியர் தலைமுறை 32 நானோமீட்டருக்குச் சுருங்கி, 117 கோடி டிரான்சிஸ்டர்களோடு ஆறு கோர்களைப் பெற்றது. தரவுகளை மறையாக்கம் செய்வதற்கான தனி ஆணைகளும் வெஸ்ட்மியரில்தான் முதலில் சேர்ந்தன என்பதால், முழு வட்டையும் மறையாக்கம் செய்து பயன்படுத்துவோருக்கு எண்ணிக்கையில் தெரியாத ஓர் ஆதாயமும் இம்மாற்றத்தில் கிடைத்தது.

செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரிலுள்ள முதல் இலக்கம் கவனிக்கத்தக்கது. டபிள்யூ3680, டபிள்யூ3690 போன்றவற்றில் வரும் 3 என்ற இலக்கம் அச்செயலி தனித்து மட்டுமே இயங்கும் என்பதையும், எக்ஸ்5675, எக்ஸ்5680, எக்ஸ்5690 ஆகியவற்றில் வரும் 5 என்ற இலக்கம் அது மற்றொரு செயலியோடு இணைந்தும் இயங்கும் என்பதையும் காட்டுகின்றன. செயலிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்புத் தடம் முதல் வகையில் ஒன்றும் இரண்டாம் வகையில் இரண்டும் இருப்பதே இதற்குக் காரணம். ஆகவே 5 வரிசைச் செயலி ஒற்றைத் தட்டிலும் இயங்கும், 3 வரிசைச் செயலியோ இரட்டைத் தட்டில் இயங்காது. இச்சாக்கெட்டின் உச்சமான எக்ஸ்5690, 2011இன் தொடக்கத்தில் வெளிவந்தது. ஆறு கோர்கள், 3.46 கிகாஹெர்ட்ஸ் வேகம், 12 மெகாபைட் இடைநினைவகம், 130 வாட் வெப்ப அளவு ஆகியன அதன் இயல்புகள். இரட்டைத் தட்டில் 2.26 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் இரண்டு இ5520 செயலிகளோடு, அதாவது எட்டு கோர்களோடு வாங்கப்பட்ட 2009 கணினி, இரண்டு எக்ஸ்5690 பெற்றதும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும் பன்னிரண்டு கோர்களுக்கு உயர்கிறது. வெப்பமும் இரைச்சலும் குறைந்திருக்க வேண்டும் என்போர்க்கு 95 வாட் அளவில் 3.06 கிகாஹெர்ட்ஸ் தரும் எக்ஸ்5675 பொருத்தமானது. கூடுதல் விலைக்கும் கூடுதல் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் பலருக்கும் அதுவே போதுமானது.

இச்செயலிகள் புதிதாக விற்கப்பட்ட காலத்தில் ஒவ்வொன்றும் ஒரு நல்ல கணினியின் விலையை எட்டியவை. தரவு மையங்கள் தம் பழைய சர்வர்களைக் கழித்துக்கட்டத் தொடங்கியபோது, அவற்றிலிருந்த அதே ஜியான் செயலிகள் பழைய பொருள் சந்தைக்குப் பெருமளவில் வந்து விலை சரிந்ததே இம்மாற்றத்தைப் பரவலாக்கியது. செயலிக்குத் தேய்மானம் மிகக் குறைவு என்பதால் பழையதை வாங்குவதில் பெரிய இடர் இல்லை. ஆனால் விற்பனைக்கன்றிச் சோதனைக்காக இன்டெல் வெளியிட்ட மாதிரிச் சில்லுகளும் அச்சந்தையில் கலந்திருப்பதால், மூடியின்மேல் பொறித்திருக்கும் குறியீட்டைப் பார்த்து வாங்குவது முறை. இரட்டைத் தட்டுக்கு ஒரே மாதிரியும் ஒரே திருத்தப் பதிப்பும் கொண்ட இணை வேண்டும்.

நிலைபொருள்

நிலைபொருள் என்பது மின்சாரம் பாய்ந்ததும் இயங்குதளத்துக்கு முன்பே விழித்து, செயலியையும் நினைவகத்தையும் அடையாளங்கண்டு ஆயத்தப்படுத்தும், பலகையிலுள்ள சில்லில் பதிந்த நிரலாகும். சாக்கெட் ஒன்றாயினும், 2009 மாதிரியின் நிலைபொருள் வெஸ்ட்மியர் தலைமுறையை அறியாது. இரு மாதிரிகளின் பலகைகளும் பெரிதும் ஒத்திருந்ததால், 2010 மாதிரிக்கென ஆப்பிளே வெளியிட்ட நிலைபொருளை 2009 மாதிரியில் எழுதவல்ல ஒரு சிறு நிரலை 2011இல் ஆர்வலர்கள் உருவாக்கினர். அது எழுதப்பட்டதும் கணினி தன்னை மேக்புரோ 5,1 என்றே அறிவித்துக்கொள்கிறது. வெஸ்ட்மியர் செயலிகளை ஏற்பதோடு, நினைவகத்தை 1066 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 1333 மெகாஹெர்ட்ஸில் இயக்கவும் செய்கிறது. 2009 மாதிரிக்கு எல் கேப்பிட்டனோடு நின்றுவிட்ட இயங்குதள ஆதரவு, இம்மாற்றத்தால் 2018இல் வந்த மொஹாவே வரை நீண்டது. மொஹாவேக்கு அது கேட்கும், மெட்டல் என்னும் ஆப்பிளின் வரைகலை நிரல் இடைமுகத்தை ஏற்கும் வரைகலை அட்டையும் வேண்டும். நிலைபொருளைப் பழைய செயலி இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்; புதிய செயலியைப் பொருத்திய பிறகு எழுதலாம் என்று விட்டால், எழுதுவதற்குக் கணினி எழுந்திருக்காது.

இந்தத் தடை ஆப்பிளுக்கு மட்டும் உரியதன்று. அதே சாக்கெட்டோடு வந்த எச்.பி. இசட்600, இசட்800 பணிநிலையங்களில், 2009 தேதியிட்ட தொடக்க நிரல் பகுதி கொண்ட பலகைகள் வெஸ்ட்மியரை ஏற்பதில்லை; அப்பகுதியைச் சாதாரணப் பயாஸ் புதுப்பிப்பால் மாற்றவும் இயலாது. சாக்கெட் பொருந்துகிறதே என்று செயலியை வாங்கி ஏமாந்தவர்கள் இரு பக்கமும் உண்டு.

ஒற்றைத் தட்டில் மாற்றும் முறை

ஒற்றைச் செயலித் தட்டில் வேலை எளிது. மின்கம்பியைப் பிடுங்கி, உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிய பின் தட்டை வெளியே எடுத்து, செயலியின் மேல் அமர்ந்த வெப்பக்கலைப்பியின் திருகுகளை நீண்ட 3 மி.மீ. ஆலன் சாவியால் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். வெப்பக்கலைப்பி என்பது செயலியின் வெப்பத்தை வாங்கி விசிறிக் காற்றில் விடும் உலோகத் தகட்டுத் தொகுதி. அது பழைய பசையால் ஒட்டிக்கொண்டிருந்தால், நேராக இழுக்காமல் மெல்ல இருபுறமும் திருகி விடுவிப்பதே பாதுகாப்பு. சாக்கெட்டின் நெம்புகோலை விடுவித்துச் சட்டத்தைத் தூக்கி, பழைய செயலியை எடுத்து, புதியதை அதன் மூலையிலுள்ள தங்க முக்கோணமும் ஓர வெட்டுகளும் சாக்கெட்டோடு பொருந்துமாறு செங்குத்தாக இறக்கி வைக்க வேண்டும். வெப்பக்கலைப்பியின் அடிப்பரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, செயலி மூடியின் நடுவில் பயறளவு வெப்பக்கடத்திப் பசையிட்டு, கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் சமமாக முடுக்கினால் வேலை முடிந்தது. இரு உலோகப் பரப்புகளுக்கிடையே உள்ள நுண்ணிய காற்றிடைவெளியை நிரப்புவதே பசையின் வேலை என்பதால், கூடுதலாக இடுவதால் பயனில்லை.

2009 இரட்டைத் தட்டு

செயலி மாற்றத்தில் உண்மையான சிக்கல் 2009 மாதிரியின் இரட்டைத் தட்டில்தான் உள்ளது. வழக்கமான ஜியான் செயலியின் சில்லுக்கு மேல், வெப்பத்தைப் பரப்பவும் சில்லைக் காக்கவும் நிக்கல் பூசிய செப்பு மூடி ஒன்று உண்டு. ஆப்பிள் இத்தட்டில் மட்டும் மூடியில்லாத செயலிகளைப் பயன்படுத்தியது. செயலியை அழுத்திப் பிடிக்கும் சட்டமும் நெம்புகோலும் சாக்கெட்டில் இல்லை. வெப்பக்கலைப்பியே நேராகச் சில்லின்மேல் அமர்ந்து, அதன் திருகுகளின் அழுத்தமே செயலியை ஊசிகளோடு சேர்த்துப் பிடிக்கிறது. சந்தையில் கிடைக்கும் செயலிகள் மூடியோடு வருபவை. ஏறத்தாழ 2 மி.மீ. உயர வேறுபாடு, பெயரளவில் முழுதும் பொருந்தும் செயலியை இயந்திர அளவில் பொருந்தாததாக்கிவிடுகிறது. 2010, 2012 இரட்டைத் தட்டுகள் மூடியுள்ள செயலிகளையே ஏற்பதால் அவற்றில் இத்தொல்லை இல்லை.

இதற்கு இரு வழிகள் கையாளப்பட்டன. மூடியோடு பொருத்துவது முதல் வழி: உயர்ந்துவிட்ட வெப்பக்கலைப்பியின் திருகுக்கால்களின் கீழ் வாஷர்களை இட்டு முடுக்கம் ஓர் அளவோடு நிற்குமாறு செய்தும், வெப்பக்கலைப்பியின் விசிறிக்கும் வெப்ப உணரிக்குமான இணைப்பி பலகையை எட்டுமாறு அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பகுதியைச் செதுக்கியும், மின்னழுத்தச் சீராக்கிகளின் மேலுள்ள வெப்பத் திண்டுகளுக்குப் பதில் தடித்த திண்டுகளை வைத்தும் 2 மி.மீ. வேறுபாட்டை ஒவ்வோர் இடத்திலும் ஈடுசெய்ய வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறந்தால் கணினி உடனே நின்றுவிடாது. சீராக்கிகள் குளிர்ச்சியின்றிச் சூடேறி நாளடைவில் பழுதாகும் என்பதால் அப்பிழையே மிகவும் தீயது.

மூடியை நீக்கிவிடுவது இரண்டாம் வழி. மூடியின் ஓரங்களைச் செயலியின் அடித்தட்டோடு ஒட்டும் பசையை மெல்லிய பிளேடால் சுற்றிலும் அறுத்த பின்னரும் மூடி வராது. இத்தலைமுறைச் செயலிகளில் மூடியும் சில்லும் இண்டியம் என்னும் மென்மையான உலோகத்தால் பற்றவைக்கப்பட்டுள்ளன. இண்டியம் 157 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகுவதால், மூடியை அவ்வெப்பத்துக்கு மேல் சூடாக்கினால் அது தானாக விடுபடுகிறது. பிளேடு ஆழமாகச் சென்றால் அடித்தட்டின் செப்புத் தடங்கள் அறுபடும். இண்டியம் உருகுமுன் நெம்பினால் சில்லே பிளக்கும். எஞ்சிய உலோகத்தைச் சுரண்டித் துடைத்த பின் கிடைப்பது தொழிற்சாலைச் செயலியின் அதே உயரம் என்பதால், மற்றவை யாவும் முன்பிருந்தபடியே பொருந்துகின்றன. செய்யும்போது அச்சம் தருவது இவ்வழி என்றாலும், செய்து முடித்த பின் எவ்விதச் சமாளிப்பும் எஞ்சாததால் முதல் வழியைவிட இதுவே செம்மையானது. மூடி நீக்கப்பட்ட இணைகளை ஆயத்தமாக விற்போரும் தோன்றினர்.

எவ்வழியாயினும் திருகின் முடுக்கம் முக்கியம். இத்தலைமுறையில் நினைவகக் கட்டுப்பாட்டகம் செயலிக்குள்ளேயே அமைந்திருப்பதால், அழுத்தம் ஒரு மூலையில் குறைந்து சில தொடுபுள்ளிகள் ஊசியைத் தொடாமல் விட்டால், கணினி இயங்கினாலும் ஒன்றிரண்டு நினைவகத் துண்டுகள் காணாமற்போகும். அளவு மீறினால் ஊசி மடியும், அல்லது மூடியற்ற சில்லின் விளிம்பு உதிரும். பழைய வெப்பக்கலைப்பியைக் கழற்றும்போதே ஒவ்வொரு திருகும் எத்தனை சுற்றில் விடுபடுகிறது எனக் குறித்துவைத்து, திரும்ப அதே அளவு முடுக்குவது நடைமுறையில் நிலைபெற்ற உத்தி. செயலிகளை விரிவாக்கத் தடங்களோடு இணைக்கும், இரட்டைத் தட்டின் வடபாலச் சில்லுக்குரிய சிறு வெப்பக்கலைப்பியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஆணிகள் ஆண்டுகளால் நொறுங்கும் தன்மை அடைகின்றன. தட்டு வெளியே இருக்கும்போதே அவற்றையும் மாற்றிவிடுவது அறிவுடைமை.

சோதனையும் எல்லைகளும்

தட்டைத் திரும்பச் செருகியதும் கணினி ஒலியெழுப்பித் தொடங்கினால், கணினி விவரப் பக்கத்தில் செயலியின் வேகமும் கோர்களும் நினைவகத்தின் முழு அளவும் சரியாக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். பின்னர் எல்லாக் கோர்களுக்கும் ஒருசேர வேலை தரும் நிரலை ஒரு மணி நேரமேனும் ஓடவிட்டு, இரு செயலிகளின் வெப்பநிலையும் ஒன்றையொன்று ஒட்டியே உயர்கின்றனவா என்று கவனிப்பது வழக்கம். ஒன்று மட்டும் தனித்து ஏறினால் அதன் வெப்பக்கலைப்பி சரியாக அமரவில்லை என்பது பொருள். 2009 தட்டை 2010 பெட்டியிலோ, அதற்கு மாறாகவோ செருகினால், விசிறிகளை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லுகளின் பதிப்புகள் முரண்பட்டு எல்லா விசிறிகளும் முழு வேகத்தில் சுழலும்.

செயலி மாறினாலும் அதைச் சுற்றியுள்ளவை மாறுவதில்லை. விரிவாக்க அட்டைகளுக்கான தடம் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இரண்டாம் பதிப்போடும், வட்டு இணைப்பு நொடிக்கு 3 கிகாபிட்டோடும் நின்றுவிடுகின்றன. ஒரே ஆணையில் பல எண்களைக் கையாளும் ஏ.வி.எக்ஸ். வசதி 2011இல் வந்த அடுத்த தலைமுறையில்தான் சேர்ந்தது என்பதால், அதைக் கட்டாயமாக்கும் மென்பொருள்கள் எக்ஸ்5690இலும் இயங்கா.

2013 டிசம்பரில் வந்த உருளை வடிவ மேக் புரோவிலும், 2019இல் திரும்பி வந்த கோபுர வடிவிலும் செயலி சாக்கெட்டிலேயே இருந்தது; முதலாவதில் பன்னிரண்டு கோர் வரையும், இரண்டாவதில் இருபத்தெட்டு கோர் வரையும் உரிமையாளர்கள் மாற்றிக்கொண்டனர். ஆப்பிளின் சொந்தச் சில்லான எம்2 அல்ட்ராவோடு 2023இல் வெளிவந்த மேக் புரோவில் செயலி, வரைகலை, நினைவகம் ஆகியன ஒரே பொதியாகப் பலகையில் பற்றவைக்கப்பட்டுள்ளன. அதில் செயலி மாற்றம் இயலாது.