எடுத்ததை எழுதிக் கொடு: பறிமுதலின் வரலாறும் காவல்துறையின் பொறுப்பும்



பொங்கலூர் வட்டாரத்தில் விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் ஷிப்டுக்குப் போகிறவருக்கு என்ன சொத்து இருக்கிறது? தவணையில் எடுத்த பைக், ஒரு செல்போன், பீரோவில் ஒரு பவுன், பிள்ளைகளின் சான்றிதழ்கள். இவற்றில் ஒன்றைப் போலீஸ் எடுத்துப் போனால் திரும்பக் கேட்கும் உரிமை எங்கிருந்து வருகிறது? அந்த வரலாற்றைத்தான் இந்த நினைவுப் பேருரையில் சொல்ல விரும்புகிறேன்.

சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த கமிஷன் 1855இல் அறிக்கை தந்தது. வரி வசூலும் போலீஸ் வேலையும் அன்று ஒரே ஆட்களின் கையில் இருந்தன. வரிப் பாக்கிக்கும் களவுபோன பொருளை 'மீட்பதற்கும்' ஒரே கருவிகள்தான்: விரல்களை நெரிக்கும் கிட்டி, குனியவைத்துக் கட்டும் அண்ணாந்தாள். அதன்பின் 1859இல் தனிக் காவல்துறைக்குச் சட்டம் வந்தது. துறைகள் பிரிந்தன; சந்தேகம் விழும் தலைகள் மாறவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, குறவர் உள்ளிட்ட சமூகங்களின் கைரேகை பதிவேட்டில் ஏறியது. பிறப்பையே குற்றமாக எழுதிவிட்ட பிறகு, அவர்கள் கையில் இருப்பதைத் திருட்டுப் பொருள் என்று சொல்ல யாரும் தயங்கவில்லை.

சுதந்திரம் வந்து அந்தச் சட்டம் போனது. பழக்கம் போகவில்லை. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைக் காரணம் காட்டி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். வீடுகள் நொறுங்கின, தானியம் போனது, ஆடு மாடுகள் போயின, கிணறு பாழானது. வழக்கு முதலில் அந்த மக்கள்மீதுதான் பாய்ந்தது; நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள்.

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடின. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி ஊருக்கே போய் விசாரித்து எழுதினார். 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இடையில் இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இடையில் ஓடியது 31 ஆண்டு.

கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று நடந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் உழைத்த பணத்தில் தலித் குடும்பங்கள் வாங்கிய டிவி, மின்விசிறி, தையல் இயந்திரம் அங்கே உடைக்கப்பட்டன. பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டன. தலைநிமிர்ந்ததற்கான தண்டனை அது. அடித்து நொறுக்கிய பொருளுக்கு யாரும் மகசர் எழுதுவதில்லை.

இங்கேதான் சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டும். வீட்டைச் சோதித்து எடுக்கும் பொருள்களுக்குப் பட்டியல் எழுதி, சாட்சிகளின் கையெழுத்தோடு வீட்டாருக்கு நகல் தர வேண்டும் என்பது பழைய விதி. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பிஎன்எஸ்எஸ், 105ஆம் பிரிவில் சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதியச் சொல்கிறது. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இலேயே உச்ச நீதிமன்றம், பிடித்த வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் நெடுநாள் போட்டுவைக்காதே, பிணை வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடு என்றது. அப்படியும் துருப்பிடித்து நிற்கும் வண்டிகளை எந்த ஸ்டேஷனிலும் பார்க்கலாம்.

அதே சட்டத்தின் 107ஆம் பிரிவு வேறு திசையில் போகிறது. குற்றத்தில் வந்த சொத்து என்று போலீஸ் கருதினால், எஸ்.பி. ஒப்புதலோடு நீதிமன்றத்தில் முடக்கக் கேட்கலாம். நோட்டீஸுக்குப் பதில் சொல்ல 14 நாள். குற்றவாளி என்று தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஆளை விட்டுப் பொருளின்மீதே வழக்குப் போட்டுப் பறிக்கும் முறை நெடுங்காலமாக உண்டு. அதன் அநியாயத்தைக் கண்டு நியூ மெக்சிகோ மாநிலம் 2015இல் அதை ஒழித்தது. அங்கே கைவிடுவதை இங்கே நாம் தொடங்குகிறோம். தினக்கூலிக்காரர் 14 நாளில் வக்கீலைத் தேடி, ரசீதைத் தேடி, 'இது என் உழைப்பு' என்று எப்படி நிரூபிப்பார்?

தவறு செய்த போலீஸ்மீது புகாரை எங்கே கொடுப்பது? பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும் மாவட்டத்துக்கு ஆட்சியரையும் தலைவராக்கி, கூடவே போலீஸ் அதிகாரிகளையே உறுப்பினர்களாக உட்காரவைத்தது. யார்மீது புகாரோ அவர்களின் மேலதிகாரியிடமே மனு.

நம் கோரிக்கைகள் இரண்டு. புகார் ஆணையத்தை நீதிபதியின் தலைமைக்கு மாற்று. 107ஆம் பிரிவில் நோட்டீஸ் பெறும் ஏழைக்கு அன்றே இலவச சட்ட உதவி கொடு. அதுவரை நம் வேலை ஒன்று உண்டு: எடுத்த ஒவ்வொரு பொருளுக்கும் பட்டியல் கேட்பது, மறுத்தால் நாமே தேதி, நேரம், பெயரோடு எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்புவது. வாச்சாத்தி மக்கள் நடந்ததைச் சொன்னார்கள், எழுதவைத்தார்கள், ஆட்களை அடையாளம் காட்டினார்கள். 215 பேரும் குற்றவாளிக் கூண்டில் நின்றது அதனால்தான்.